தவறைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட தளபதி: வில்லியம் ஸ்லிம், ஒரு நிகழ்வு ஆய்வு

1940 நவம்பர் 6, விடியற்காலை. சூடானும் எத்தியோப்பியாவும் சந்திக்கும் எல்லையில் கல்லாபாத் என்றொரு சின்னக் கோட்டை. வறண்ட ஓடையைத் தாண்டினால் எதிரே மெத்தெம்மா. இரண்டும் இத்தாலியர் கையில். அவற்றைப் பிடிக்க வந்தது 10ஆவது இந்திய பிரிகேட். அதன் தளபதி பிரிகேடியர் வில்லியம் ஸ்லிம், வயது 49. அவரிடம் 12 டாங்கிகள் இருந்தன.

முதல் பாதி நன்றாகவே போனது. கார்வால் ரைபிள்ஸ் வீரர்கள் கல்லாபாத் கோட்டைக்குள் புகுந்துவிட்டார்கள். ஆனால் கண்ணிவெடியிலும் பாறையிலும் சிக்கி, டாங்கிகளில் பெரும்பாலானவை சங்கிலி அறுந்து நின்றுபோயின. உதிரி பாகங்களோடு வந்த லாரி இத்தாலிய விமானக் குண்டில் எரிந்தது. மேலே பாதுகாப்புக்கு வந்த பிரிட்டிஷ் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. குண்டு மழையில் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனின் ஒரு பகுதி கலைந்து பின்னால் ஓடியது. மெத்தெம்மாவைத் தாக்குவதா, பின்வாங்குவதா என்று ஸ்லிம் முடிவெடுத்தாக வேண்டும். அவருடைய அதிகாரிகள் பின்வாங்கலாம் என்றார்கள். அவரும் பின்வாங்கினார்.

மெத்தெம்மாவில் இருந்த இத்தாலியர்களும் நிலைகுலைந்துதான் இருந்தார்கள், இன்னொரு தாக்கு தாக்கியிருந்தால் விழுந்திருப்பார்கள் என்பது பிறகு தெரியவந்தது. ஸ்லிம் இதை மறைக்கவில்லை. துணிச்சலான வழி ஒன்று, பத்திரமான வழி ஒன்று என்று இரண்டு இருந்தபோது, நல்ல தளபதி எடுக்க வேண்டியதை நான் எடுக்கவில்லை, என் பயத்திடம் யோசனை கேட்டேன் என்று பின்னாளில் தானே எழுதி அச்சில் கொடுத்தார். விமானத்தைக் காரணம் சொல்லியிருக்கலாம். ஓடிப்போன பட்டாலியனைக் காரணம் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் தளபதிகளில் ஸ்லிம்தான் மிகச் சிறந்தவர் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் கருத்து. ஆனால் அவருடைய வெற்றிகளை மட்டும் வரிசையாகச் சொன்னால் விஷயம் பிடிபடாது. ஒரு தோல்வியை எடுத்து வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

இரும்புக் கடை வீட்டுப் பையன்

ஸ்லிம் 1891 ஆகஸ்ட் 6இல் பிரிஸ்டலில் பிறந்தவர். அப்பாவுக்கு இரும்புச் சாமான் வியாபாரம். குடும்பம் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தது, வியாபாரம் நொடித்தது. இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்ற நிலை. அண்ணன் மருத்துவம் படிக்கப் போனார். தம்பி பர்மிங்காமின் ஏழைப் பகுதியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகக் கொஞ்ச காலம் இருந்தார், அப்புறம் இரும்புக் குழாய் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருக்க வேண்டுமானால் வீட்டில் சொத்து வேண்டும், சம்பளம் மட்டும் போதாது. இவருக்கு அந்த வாசல் திறந்தே இருக்கவில்லை. 1914இல் போர் வெடித்து ஆள் பற்றாக்குறை வந்ததால்தான் தற்காலிக இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

1915 ஆகஸ்டில் துருக்கியின் கலிப்பொலியில் மார்பில் குண்டு பாய்ந்தது. அந்தச் சண்டையில்தான் கூர்க்காக்கள் பக்கத்தில் நின்று போரிடுவதைப் பார்த்தார், சேர்ந்தால் இவர்களோடுதான் என்று முடிவு செய்தார். மெசபொடேமியாவில் மறுபடி காயம், ராணுவச் சிலுவைப் பதக்கம். 1920இல் 6ஆவது கூர்க்கா ரைபிள்ஸ். இந்திய ராணுவத்தில் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியும் என்பதும் அவர் இங்கே வந்ததற்கு ஒரு காரணம். அதுவும் போதாமல் ‘ஆன்டனி மில்ஸ்’ என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிச் சம்பாதித்தார். ஸ்லிம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மில்ஸ் வரும். அந்தக் கதை எழுதிய கைதான் பிற்காலத்தில் போர் நினைவுகளை அவ்வளவு தெளிவாக எழுதியது என்று நினைக்கிறேன்.

உயர்வு மெதுவாகத்தான் வந்தது. 1938இல் ஒரு பட்டாலியனுக்குத் தளபதி ஆனபோது வயது 46. கல்லாபாத்துக்கு அப்புறம் எரித்ரியாவில் விமானத் தாக்குதலில் காயம். 1941இல் 10ஆவது இந்திய டிவிஷனோடு ஈராக், சிரியா, ஈரான் என்று போனார். அங்கே துணிந்து வேகமாகத் தாக்கினார். கல்லாபாத் அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

900 மைல் பின்வாங்கல்

1942 மார்ச்சில் அவரை பர்மாவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானியர்கள் உள்ளே புகுந்திருந்தார்கள், அவர் போய்ச் சேரும்போதே காரியம் கெட்டிருந்தது. பிப்ரவரி 23இல் சித்தாங் ஆற்றுப் பாலத்தைத் தங்கள் படையில் பாதி மறுகரையில் இருக்கும்போதே தகர்த்திருந்தார்கள். ரங்கூன் மார்ச் 8இல் விழுந்தது. இனி கடல் வழியாக ஓர் ஆள், ஒரு மூட்டை அரிசி வராது. அப்படிப்பட்ட ஒரு படைக்கு ஸ்லிம் தளபதி ஆனார்.

ஏப்ரலில் யெனாங்யாங் எண்ணெய் வயல்களை எதிரிக்குக் கிடைக்காமல் கொளுத்திவிட்டார்கள். அந்தப் புகைக்கும் வெயிலுக்கும் நடுவே 1ஆவது பர்மா டிவிஷன் தண்ணீர் இல்லாமல் சிக்கிக்கொண்டது. அதன் தளபதி புரூஸ் ஸ்காட் ஸ்லிமின் பழைய நண்பர், ஒரே கூர்க்கா ரெஜிமென்ட். ஆட்கள் துவண்டுவிட்டார்கள், இன்றிரவே வெளியேறி விடுகிறோம் என்று அவர் வயர்லெஸ்ஸில் கேட்டார். விடியட்டும், சீனப் படை தாக்கும், அதுவரை பிடித்து நில் என்று ஸ்லிம் சொல்ல வேண்டியிருந்தது. கல்லாபாத்தில் அவரைத் தடுக்கிவிட்ட அதே தருணம் திரும்ப வந்தது, இம்முறை தன் நண்பனின் ஆட்களை வைத்து. சுன் லி-ஜென் தலைமையில் வந்த சீன 38ஆவது டிவிஷன் உதவிக்கு வந்தது. பெரும்பாலான கனரகத் தளவாடங்களை விட்டுவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள்.

பின்வாங்கலின் ஒரு மோசமான நாளில், கெட்ட செய்தி கேட்டு வாடி நின்ற தன் அதிகாரிகளிடம் “இதைவிட மோசமாகவும் இருக்கலாம்” என்றாராம். “எப்படி?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஸ்லிமுக்கு உள்ளுக்குள் ஆத்திரம், முகத்தில் சிரிப்பு. “மழை பெய்யலாமே” என்றார். இரண்டு மணி நேரத்தில் மழை கொட்டியது. இதையும் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பாதையில் ராணுவம் மட்டும் போகவில்லை. ரங்கூனிலும் ஐராவதிக் கரையிலும் பிழைக்கப் போன லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், அதே கலேவா, தாமு வழியாக மணிப்பூர் நோக்கி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். பர்மாவிலிருந்து நடந்து வந்த கதை தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் உண்டு. ராணுவ வரலாறுகளில் அவர்கள் ஒரு பத்திக்கு மேல் வருவதில்லை.

மே மாதம், மழை தொடங்கிய பிறகு, மிச்சப் படை இம்பால் வந்து சேர்ந்தது. சுமார் 900 மைல், பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக நீண்ட பின்வாங்கல். கந்தலும் காய்ச்சலுமாக வந்த ஆட்களுக்கு இம்பாலில் ஒதுங்கக் கூரை கிடைக்கவில்லை, போர்த்திக்கொள்ளக் கம்பளி கிடைக்கவில்லை. விடைபெறும்போது அவர்கள் ஸ்லிமுக்காக ஆரவாரம் செய்தார்கள். வெற்றிக்கு அழைத்துப் போன படை ஆரவாரம் செய்வது வேறு, தோல்வியைத் தவிர வேறெதையும் காட்டாத தளபதிக்கு ஆரவாரம் செய்வது வேறு என்று அவர் நெகிழ்ந்து எழுதினார்.

1943இல் பர்மாவின் மேற்குக் கடற்கரையான அரக்கானில் நடந்த போரிலும் தோல்வி. அது மேலதிகாரி நோயல் இர்வினின் திட்டம். ஸ்லிமைக் கடைசியில்தான் உள்ளே இழுத்தார்கள், பழியை மட்டும் அவர் தலையில் போடப் பார்த்தார்கள். முடிவில் பதவி போனது இர்வினுக்கு. அந்த ஆண்டு அக்டோபரில் புதிதாக உருவான 14ஆவது ராணுவம் ஸ்லிம் கைக்கு வந்தது.

மாத்திரையும் சணலும்

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதில் ஒரு துப்பாக்கிகூட வெடிப்பதில்லை.

தளபதி ஆனதும் அவர் முதலில் பார்த்த கணக்கு: சண்டையில் காயம்பட்டுப் பின்னால் கொண்டுபோகப்படும் ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் போய்க்கொண்டிருந்தார்கள். மலேரியா மட்டும் ஓர் ஆண்டில் படையில் 84 விழுக்காடு. ஜப்பானியர்கள் வர வேண்டியதே இல்லை, கொசு போதும்.

மெபாக்ரின் என்று ஒரு மாத்திரை இருந்தது. தினம் ஒன்று போட வேண்டும். தோல் மஞ்சளாகும். அதைப் போட்டால் ஆண்மை போய்விடும் என்று படைக்குள் ஒரு வதந்தி. ஆகவே பலர் வாயில் போடுவதுபோல் போட்டுத் துப்பினார்கள். ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? திடீரென்று ஒரு பட்டாலியனுக்கு ஆள் அனுப்பி, எல்லோருக்கும் பரிசோதனை. 95 விழுக்காட்டுக்கும் குறைவான ஆட்களிடமே மருந்து தென்பட்டால், பட்டாலியன் தளபதியின் பதவியைப் பறித்தார். சிப்பாயைத் தண்டிக்கவில்லை. மூன்று பேரைத்தான் அப்படி நீக்க வேண்டியிருந்தது, அதற்குள் மற்றவர்களுக்குச் சேதி போய்விட்டது. மலேரியா வந்தவரை இந்தியாவின் உட்பகுதிக்கு மாதக்கணக்கில் அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, போர்முனைக்கு சில மைல் பின்னாலேயே கூடாரத்தில் சிகிச்சை. மூன்று வாரத்தில் ஆள் திரும்பினார். பெருங்காயம் பட்டவர்களை விமானத்தில் அனுப்பினார்கள். 1945க்குள் நோயாளிக் கணக்கு நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்று இறங்கியது.

அடுத்தது பாராசூட். காட்டுக்குள் இருக்கும் படைக்கு விமானத்திலிருந்துதான் உணவு போட வேண்டும், ஆனால் அவ்வளவு பாராசூட் துணி பர்மாப் போருக்குக் கிடைக்காது. ஐரோப்பாவுக்குத்தான் முதல் பந்தி. ஸ்லிமும் தளவாடப் பொறுப்பாளர் ஸ்னெல்லிங்கும் வங்கத்தில் என்ன மிகுதி என்று பார்த்தார்கள். சணல்! கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் நேராகப் போய்க் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சணல் பாராசூட் தயார். அசல் பாராசூட்டின் 85 விழுக்காடு அளவுக்கு அது வேலை செய்தது. விலை ஒரு பவுண்டுக்குச் சற்று மேல், அசலுக்கோ 20 பவுண்டுக்கும் மேல். ஆட்களை அதில் இறக்கவில்லை, அரிசி மூட்டைக்கு அது தாராளம்.

பயிற்சியிலும் இதே புத்தி. ஜப்பானியர்கள் காட்டில் பிறந்தவர்கள், அவர்களை வெல்ல முடியாது என்ற பயம் 1942 முதல் படையைப் பிடித்திருந்தது. முதலில் சின்னச் சின்ன ரோந்துக் குழுக்களை அனுப்பினார். அவர்கள் ஜெயித்துத் திரும்பிக் கதை சொன்னார்கள். பிறகு ஜப்பானியரின் ஒரு கம்பெனியை, அதாவது நூற்றுச் சொச்சம் பேரை, தாக்க ஆயிரக்கணக்கானோர் கொண்ட முழு பிரிகேட்டை அனுப்பினார். கொட்டையை உடைக்கச் சம்மட்டியா என்று கேலி செய்தவர்கள் உண்டு. தோற்ற படைக்குத் தோற்காத அனுபவத்தைக் கொடுப்பதுதான் அவர் நோக்கம், அதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. ஜப்பானியர் பின்னால் வந்துவிட்டால், நாம் சூழப்பட்டோம் என்று நினைக்காதே, அவர்கள்தான் சூழப்பட்டார்கள் என்று நினை என்பதும் அவர் கொடுத்த பாடம். முன்வரிசை அரை ரேஷனுக்குப் போனால் தன் தலைமையகமும் அரை ரேஷன். ஜீப்பின் மேல் ஏறி நின்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் கூர்க்காலியிலும் பேசினார். படையில் பெரும்பகுதி இந்தியர்கள், அத்தோடு கூர்க்காக்களும் ஆப்பிரிக்கர்களும். தன் மொழியில் பேசும் தளபதியை அவர்களில் பலர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே 1943இல், இந்த ராணுவத்தின் முதுகுப் பக்கமான வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைத் தின்றது. ஸ்லிமைப் புகழும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பஞ்சம் அவர் உண்டாக்கியதல்ல. ஆனால் அந்தப் போரும் அந்தப் பஞ்சமும் ஒரே அரசின் காலத்தில், ஒரே ரயில் தடங்களின் பக்கத்தில் நடந்தன.

இம்பால், கோஹிமா

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதாகுச்சியின் 15ஆவது ராணுவம் இந்தியாவுக்குள் நுழைந்தது. ஸ்லிமின் திட்டம் நல்லது: படைகளை இம்பால் சமவெளிக்கு இழுத்து, எதிரியை அவனுடைய உணவுக் கிடங்கிலிருந்து தொலைவில் வரவிட்டு அடிப்பது. நிறைவேற்றியதில் இரண்டு பெரிய பிழைகள். இம்பாலுக்குத் தெற்கே பர்மா மலைப்பகுதியான திடிமில் இருந்த 17ஆவது டிவிஷனைப் பின்வாங்கச் சொல்வதில் தாமதம். இரண்டாவது இன்னும் பெரிது. கோஹிமா மலைக்கு அதிகம் போனால் ஒரு ஜப்பானிய ரெஜிமென்ட் வரும் என்று கணக்குப் போட்டார். வந்தது சாத்தோவின் 31ஆவது டிவிஷன், பல ரெஜிமென்ட் சேர்ந்த பெரும்படை, முழுசாக.

கோஹிமாவில் காவலுக்கு இருந்தவர்கள் மிகச் சிலர். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் மலை முகட்டில் ஒரு சின்னத் துண்டு நிலத்தை விடாமல் பிடித்திருந்தார்கள். துணை ஆணையரின் பங்களா டென்னிஸ் மைதானத்தின் ஒரு பக்கம் இவர்கள், இன்னொரு பக்கம் ஜப்பானியர், நடுவே கையெறிகுண்டு. தண்ணீர் அளந்து கொடுக்கப்பட்டது.

ஸ்லிம் பிழையைச் சரிக்கட்டியது விமானத்தால். அரக்கானில் சண்டையிலிருந்த 5ஆவது இந்திய டிவிஷனைப் பீரங்கி, கோவேறு கழுதை எல்லாவற்றோடும் தூக்கி இம்பாலிலும் திமாப்பூரிலும் இறக்கினார்கள். சுற்றி வளைக்கப்பட்ட இம்பாலுக்கு அரிசி முதல் பெட்ரோல் வரை வானத்திலிருந்துதான் வந்தது. ஜூன் 22இல் இம்பால் - கோஹிமா சாலை திறந்தது. இந்தியாவுக்குள் வந்த சுமார் 85,000 ஜப்பானியரில் 50,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காயப்பட்டோ நோயுற்றோ போனார்கள். பசியும் மழையும் கொன்றவர்கள் ஏராளம்.

அந்த ஆண்டு டிசம்பரில் இம்பாலிலேயே வைத்து வைஸ்ராய் வேவல் அவருக்கு ‘சர்’ பட்டம் சூட்டினார்.

ஐராவதியும் அப்புறமும்

1945இல் அவர் ஆடிய ஆட்டத்தை ராணுவக் கல்லூரிகள் இன்றும் படிக்கின்றன. ஜப்பானியத் தளபதி கிமுரா ஐராவதிக்கு அப்பால் ஒதுங்கிவிட்டார் என்று தெரிந்ததும் ஸ்லிம் முழுத் திட்டத்தையும் மாற்றினார். ஒரு படையணி மண்டலேயை நோக்கிச் சத்தமாகப் போனது. இன்னொன்று தெற்கே ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்கு வழியாக வயர்லெஸ்ஸை மூடிக்கொண்டு நடந்தது. அது இன்னும் வடக்கில்தான் இருக்கிறது என்று காட்ட, அங்கே ஒரு போலித் தலைமையகம் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் ஞாவுங்ஊ பக்கம் ஆற்றைக் கடந்தார்கள். எதிர்க்கரையில் ஜப்பானியரோடு இருந்தவற்றில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த தில்லானின் நேரு பிரிகேட்டும் ஒன்று. மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களும் அதில் இருந்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் இந்தியர்கள்.

இலக்கு மெய்க்திலா, ஜப்பானியரின் மொத்த உணவும் வெடிமருந்தும் குவிந்திருந்த ஊர். அங்கே ஜப்பானியச் சிப்பாய்கள் குழிக்குள் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே விமானக் குண்டை வைத்து, கையில் ஒரு கல்லோடு காத்திருந்தார்கள். டாங்கி மேலே வந்ததும் அந்தக் கல்லால் குண்டை அடிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட உத்தரவு. மார்ச் தொடக்கத்தில் ஊர் விழுந்தது, மார்ச் 20இல் மண்டலே, மே 3இல் ரங்கூன்.

மே மாதம் பர்மிய தேசியவாதத் தலைவர் ஆங் சான் ஸ்லிமைப் பார்க்க வந்தார். ஜப்பானியரோடு இருந்துவிட்டு மார்ச் 27இல் அவர்களுக்கு எதிராகத் திரும்பியவர் அவர். நாங்கள் ஜெயிக்கிறோம் என்பதால்தானே வருகிறீர்கள் என்று ஸ்லிம் கேட்டார். ஜெயிக்காவிட்டால் உங்களிடம் வந்து என்ன பயன் என்றார் ஆங் சான். அந்த நேர்மை ஸ்லிமுக்குப் பிடித்துப்போயிற்று. தன்னைப் பற்றியும் அவர் அப்படித்தான் எழுதினார், அதனால் பிடித்திருக்கலாம்.

அதே மாதம் மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரை 14ஆவது ராணுவத்திலிருந்து மாற்றப் பார்த்தார். படையில் கொந்தளிப்பு. பதவியிழந்தது லீஸ். போருக்குப் பின் ஓய்வுபெற்று பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகத்தில் இருந்தவரைப் பிரதமர் அட்லி கூப்பிட்டு, 1948 நவம்பரில் தரைப்படையின் தலைமைப் பதவியில் அமர்த்தினார். இந்திய ராணுவத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். 1949இல் பீல்டு மார்ஷல். 1953 முதல் ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல். 1970 டிசம்பர் 14இல் லண்டனில் காலமானார்.

ஆஸ்திரேலியக் காலத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் வாழ்ந்த ஒரு பண்ணைப் பள்ளிக்கு அவர் விருந்தினராகப் போனபோது தங்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்று அங்கே வளர்ந்த சிலர், அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் குற்றம் சாட்டினார்கள். அது நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டதில்லை. கான்பெராவில் அவர் பெயரில் இருந்த சாலைக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சொன்னதை ஒதுக்கிவிட்டு இவரைப் பற்றி எழுதுவது நியாயம் ஆகாது.

1956இல் அவர் எழுதிய போர் நூலில் இம்பால் பற்றிய பகுதியை எத்தனையோ முறை திரும்பப் படித்திருக்கிறேன். கோஹிமா பற்றிய கணிப்பில் நான் தவறினேன், என் தவறின் விளைவிலிருந்து என்னைக் காப்பாற்றியது கீழிருந்த தளபதிகளின் சாமர்த்தியமும் படையின் பிடிவாதமான வீரமும் என்று வருகிறது. கோஹிமாவில் அந்த டென்னிஸ் மைதானம் இப்போது போர்க் கல்லறைக்குள் இருக்கிறது. கோடுகளை வெள்ளைக் காங்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். கீழே அடுக்கடுக்காக 1,420 கல்லறைகள். மலையின் மேற்பகுதியில், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கியச் சிப்பாய்களின் பெயர்கள்.